மரத்தடியிலிருந்து பார்த்த முகம்

சிற்பக்கூடத்துப் பிள்ளைகள் போன வாரம் ஒரு புகைப்படத்தோடு என் வீட்டுக்கு வந்தார்கள். யாரோ ஒரு பெரிய மனிதருக்கு ஊர் நடுவில் சிலை வைக்கப் போகிறார்களாம். ஆள் உயரத்துக்குப் பீடம், அதற்கு மேல் ஆள் உயரச் சிலை. அம்மனையும் பிள்ளையாரையும் கண்ணை மூடிக்கொண்டு செதுக்குகிற கைகள், மீசை வைத்த ஒரு மனித முகத்தைக் கண்டதும் நடுங்குகின்றன. "ஐயா, நீங்க எப்பவாச்சும் ஆளைப் பாத்து முகம் செதுக்கியிருக்கீங்களா?" என்று கேட்டான் ஒருவன்.

செதுக்கியிருக்கிறேன். ஒரே ஒரு தடவை. வெள்ளைக்காரன் காலத்தில், கொல்லிமலை மேல், அதுவும் அம்மன் சிலைக்கு. அம்மனுக்கு ஆள் முகம் வைத்தவன் நான் என்று சொன்னதும் பிள்ளைகளின் வாய் திறந்தது திறந்தபடியே நின்றது. வயசு எண்பதைத் தொடப் போகிறது. இப்போதும் அதைச் சொல்ல உட்கார்ந்தால் எனக்கு இருப்புக் கொள்ளாது. அன்றைக்குச் சொன்னதையே இங்கே எழுதுகிறேன்.

நான் தொழில் பழகியது மலையடிவாரத்தில், காளப்பநாயக்கன்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில். பழகிய வருஷங்களைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. திட்டு, கல்தூசி, கேழ்வரகுக் கூழ். அவ்வளவுதான். ஆனால் பட்டறைத் தலைவர் பெரிய ஆசாரியைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். அந்த மனிதர் கல்லுக்குத்தான் மரியாதை கொடுப்பார். "வாங்க, கொஞ்சம் திரும்புங்க" என்று கல்லிடம் பேசுவார். எங்களிடம் "டேய்" மட்டும்தான். நன்றாக இருக்கிறது என்று அவர் வாயால் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை. வேலை பிடிக்காவிட்டால் தன் வெற்றிலைப் பெட்டியைச் சிலையின் மேலேயே வைத்துவிட்டுப் போவார். அது வெறும் கல், பெட்டி வைக்கத்தான் லாயக்கு என்று பொருள். பிடித்துவிட்டால் தோள் துண்டை எடுத்துச் சிலையின் மேல் இருக்கும் தூசியைத் துடைப்பார். அந்தத் துண்டுக்காக நாங்கள் ஏங்கிய ஏக்கம் இருக்கிறதே, கல்யாணத்துக்குக்கூட அப்படி ஏங்கியிருக்க மாட்டோம்.

ஒருநாள் சோளக்காடு என்ற ஊருக்கும் அப்பால் உள்ள ஒரு மலையூரிலிருந்து ஆட்கள் வந்தார்கள். புயலில் மரம் விழுந்து அவர்கள் அம்மன் சிலை தலையோடு உடைந்து போய்விட்டது. அன்றிலிருந்து நோம்பி இல்லை, அதாவது திருவிழா இல்லை, பொங்கல் இல்லை. பூசாரி வெறும் பாறைக்கு விளக்குக் காட்டிக்கொண்டிருந்தார். புதுச் சிலை வேண்டும், மலைக் கல்லிலேயே வேண்டும், மலை மேலேயே செதுக்க வேண்டும். அந்தக் காலத்தில் மலைக்கு பஸ் ஏது, ரோடு ஏது. பெரிய ஆசாரிக்கோ முழங்கால் மடங்காது. என்னை ஒரு பார்வை பார்த்தார். "டேய், நீ போ. கண் திறக்கறதுக்கு மட்டும் நான் வாரேன். கல்லைக் காதால பாரு" என்றார்.

தனியாக முதல் சிலை! உளி மூட்டையையும் துருத்தியையும் தலையில் வைத்துக்கொண்டு அந்த மலையை நடந்து ஏறவில்லை, பறந்தேன். கூட வந்த கொல்லர் மாரப்பண்ணன், "டேய் வேலு, மெதுவாப் போடா, மலை எங்கயும் ஓடிப் போவாது" என்று பின்னாலிருந்து திட்டிக்கொண்டே வந்தார். உளி மழுங்கினால் காய்ச்சித் தட்டிக் கூராக்குவது அவர் வேலை. கருங்கல்லில் ஒரு பொழுது வேலை செய்தால் ஒரு கூடை உளி மழுங்கும்.

ஓடைக்கரைப் பாறைகளைச் சுத்தியால் தட்டித் தட்டிக் காது வைத்துக் கேட்டேன். ஆண் கல்லுக்கு மணியோசை. அம்மனுக்கு வேண்டிய பெண் கல்லுக்கு வெண்கலத் தாளத்தின் ஓசை. தாளம் போட்ட கல் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. அதைப் பிளந்து, உருட்டி, கொட்டகைக்குக் கொண்டு வந்து மல்லாக்கப் படுக்க வைத்து, செங்காவியில் நூல் தோய்த்து அளவுக் கோடுகள் அடித்தேன். கருங்கல் சிலையைப் படுக்க வைத்துத்தான் செதுக்குவோம். சிற்பி மேலே குனிந்து நிற்பான், சாமி கீழே வானத்தைப் பார்த்துப் படுத்திருக்கும். இதை மனசில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்.

ஊர்ப் பூசாரி சடையன் நல்ல மனிதர். வழியில் எந்தக் குழந்தையைக் கண்டாலும் அக்குளில் கை கொடுத்துத் தலைக்கு மேல் தூக்கிப் போட்டுப் பிடிப்பார். "மேகம் தெரியுதா கண்ணு, மேகம் தெரியுதா?" என்பார். குழந்தை சிரிக்கும்வரை விட மாட்டார். அவர் எனக்கு ஒரே ஒரு நிபந்தனைதான் வைத்தார்.

"எங்க அம்மன் சிரிச்சாப்பல இருக்குமுங்க. அந்தச் சிரிப்பு மட்டும் இருக்கோணும்."

"எப்படிச் சிரிக்குமுங்க? பல் தெரியுமா, உதடு விரியுமா?"

"அதெல்லாஞ் சொல்லத் தெரியலீங்க. உக்காந்து கும்புட்டா எங்களப் பாத்துச் சிரிக்கும். அவ்வளவுதான் தெரியுமுங்க."

இதென்ன பிரமாதம் என்று நினைத்தேன். உதட்டுக்கு அளவு உண்டு, கடைவாய்க்கு வளைவு உண்டு, எல்லாம் விரல் நுனியில் இருந்தது. உடம்பையும் கைகளையும் கல்லில் முடித்துவிட்டு, முகத்தை மட்டும் கட்டியாக விட்டு வைத்தேன். கல்லில் எடுத்தது எடுத்ததுதான், திரும்ப ஒட்ட முடியாது. அதனால் முதலில் களிமண்ணில் ஒரு முகம் செய்து பலகையில் வைத்து ஊராரைக் கூப்பிட்டேன். வந்தார்கள், சுற்றி நின்று குனிந்து பார்த்தார்கள். "நல்லா இருக்குதுங்க. ஆனா இது எங்க அம்மன் இல்லீங்க" என்றார்கள். பிசைந்துவிட்டு இன்னொன்று செய்தேன், உதட்டை விரித்தேன். "இது பல்லிளிக்குதுங்க" என்றாள் ஒரு பெண். மறுபடியும் செய்தேன். பூசாரி முகத்தைத் திருப்பிக்கொண்டார். அது பல்லிளிப்பதைவிட மோசம்.

நோம்பி நெருங்கிக்கொண்டிருந்தது. ஊரில் என்னைப் பார்க்கிறவர்களின் பேச்சு குறைந்தது. கல் ஒன்றுதான், முகமும் ஒன்றுதான். தோற்றுப்போய் மலை இறங்கினால் பெரிய ஆசாரியின் வெற்றிலைப் பெட்டி சிலை மேல் அல்ல, என் தலை மேல்தான். பொறுக்க முடியாமல் ஒரு காலை வேலையைப் போட்டுவிட்டு, உடம்பெல்லாம் கல்தூசியோடு, மிளகுத் தோட்டத்துப் பக்கம் நடந்தேன்.

அங்கேதான் அந்தத் தப்பைச் செய்தேன்.

அந்த மலையில் மிளகுக் கொடியைப் பலா மரத்தில் ஏற்றி விடுவார்கள். ஒற்றை மூங்கிலில் கணுக்களை மட்டும் விட்டு ஏணியாக்கி மரத்தில் சாய்த்து, கூடையோடு ஏறி மிளகு பறிப்பார்கள். பெண்களும் ஏறுவார்கள். பெண் ஏறிய மரத்தடிக்கு ஆண் போகக் கூடாது. அது அந்த ஊரில் எழுதாத சட்டம். அண்ணன் தம்பியானாலும், வயசானவரானாலும் எட்டியே நடப்பார்கள். கீழ்நாட்டான் எனக்கு அது எப்படித் தெரியும்? மரத்தடியில் நிழல் இருந்தது, நின்றேன். மேலே இலை சலசலத்தது, நிமிர்ந்து பார்த்தேன்.

ஒரு பெண் குனிந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு கையும் மூங்கிலில். இமை தாழ்ந்து, உதடு மூடி, கடைவாய் இரண்டும் மெல்ல மேலே ஏறி, கன்னம் திரண்டு. சிரிப்பு. பல் இல்லை, விரிப்பு இல்லை, ஆனால் சிரிப்பு. எனக்குக் காது அடைத்துவிட்டது. இதுதான், இதுதான் என்று உடம்பெல்லாம் துடித்தது.

"ஏனுங்க, கீழ நிக்கறது ஆருங்க? எட்டப் போங்க" என்றாள்.

நான் போகவில்லை. இன்னும் நன்றாகப் பார்த்தேன். ஒரு பலாப்பிஞ்சு என் தோளில் வந்து விழுந்தது, குறி தப்பவில்லை.

ஓடினேன். வெட்கத்தில் இல்லை, சந்தோஷத்தில் ஓடினேன். ஓடும்போதே எல்லாம் விளங்கிவிட்டது. அந்த அம்மன் இருந்தது ஆள் உயரப் பாறை மேல். ஊர் உட்கார்ந்திருந்தது அதன் காலடியில். தலைமுறை தலைமுறையாக அவர்கள் அந்த முகத்தைக் கீழிருந்து மட்டுமே பார்த்திருக்கிறார்கள். நானோ முகத்தைப் பலகையில் போட்டு மேலிருந்து குனிந்து செய்தேன், அவர்களையும் குனிந்து பார்க்க வைத்தேன். அப்படியானால் எங்கிருந்து வரும் சிரிப்பு?

களிமண்ணை அந்தப் பாறை மேல் வைத்தேன். கீழே உட்கார்ந்து பார்ப்பேன், ஏறித் திருத்துவேன், மறுபடி இறங்கி உட்காருவேன். என் கண்ணில் வேறு முகம் இல்லை; மரத்திலிருந்து குனிந்த அந்த முகம்தான் இருந்தது. நேரே நின்று பார்த்தால் கொஞ்சம் கடுகடுப்பு, கீழே உட்கார்ந்தால் சிரிப்பு. இந்தத் தடவை ஊரைக் கூப்பிடவில்லை. அளவுகளை நூலில் எடுத்துக்கொண்டு நேராகக் கல்லில் இறங்கினேன்.

அவள் பெயர் நல்லாயி. விசாரித்தால் பூசாரி சடையனின் ஒரே மகள். ஒருநாள் அவளாகவே கொட்டகை வாசலில் வந்து நின்றாள். கையில் பனங்கருப்பட்டி போட்ட சுக்குத் தண்ணீர், அப்பா கொடுத்து அனுப்பியது.

"அன்னிக்குத் தோள் வலிச்சுதுங்களா?"

"வலிக்கலீங்க. நீங்க சிரிச்சீங்களே, அதுல ஒண்ணும் தெரியல."

"நான் எங்கீங்க சிரிச்சேன்? கோவத்துல இருந்தேன். யாரோ வெள்ளைப் பிசாசு மரத்தடியில நிக்குதுன்னு."

இந்த வாதம் எங்களுக்குள் இன்றுவரை முடியவில்லை. ஆனால் அன்றைக்கு ஆரம்பித்த பேச்சு தினமும் வளர்ந்தது. அவள் தோட்டத்துக்குப் போகும்போது ஒரு வார்த்தை, திரும்பும்போது ஒரு வார்த்தை. கேட்ட உளிச் சத்தத்தை வைத்து, "இன்னிக்கு உங்களுக்கு வேலை ஓடலீங்களே" என்பாள், சரியாகவே இருக்கும். எனக்கு அவளைப் பிடித்துப்போய்விட்டது. சுற்றி வளைத்துச் சொல்ல என்ன இருக்கிறது, அவள் வராத நாளில் உளி கையில் நிற்கவில்லை. செதுக்குவது அவள் முகம் என்று மட்டும் அவளிடம் சொல்லவில்லை. முடித்துக் காட்டித் திகைக்க வைக்கலாம் என்று ஆசை.

உதடு முடிந்து கன்னம் மெருகேறிக்கொண்டிருந்தபோது, நோம்பி எப்படி நடக்கும் என்று அவளிடம் கேட்டேன். ஆர்வமாகச் சொன்னாள்.

"சிலையப் பாறையில ஏத்துவாங்க. கண்ணு தெறக்கறதுக்கு முந்தி எங்கப்பா ஊரப் பாத்து மூணு தடவ கேப்பாருங்க, இது ஆருன்னு. ஊரு, நம்ம அம்மன்னு சொல்லோணும். மூணாவது தடவ அப்பா கீழ உக்காந்து, நிமுந்து பாத்துக் கேப்பாரு."

"வேற ஏதாச்சும் சொன்னா?"

"ஆராச்சும் ஒரு பொம்பள பேரச் சொல்லிட்டா, அவ அம்மனுக்கு ஆயிட்டான்னு அர்த்தமுங்க. அப்புறம் அவளக் கட்டறதுக்கு எவனும் வரமாட்டான். அம்மன் மூஞ்சியக் கட்டுன புருசன்னு ஒருத்தன் இருக்க முடியுமுங்களா? கோயிலோடவே கெடக்க வேண்டியதுதான். எங்க பாட்டன் காலத்துல ஒருத்தி அப்படியே கெடந்து செத்தாளாம்."

அவள் சொல்லிவிட்டுப் போனபின் சிலையின் முன்னால் உட்கார்ந்தேன். கடைவாயில் ஒரு யவை, அதாவது ஒரு நெல் கனம், எடுத்தால் போதும். அந்த முகம் அவள் முகமாக இருக்காது. சிரிப்பும் இருக்காது. உளியை வைத்தேன், எடுத்தேன், வைத்தேன். சிலை தேறினால் அவள் போய்விடுவாள். அவளைக் காப்பாற்றினால் சிலை போய்விடும், அந்த ஊரின் அம்மன் போய்விடும். ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. எவன் வைத்தான் இந்தச் சட்டத்தை என்று கல்லைப் பார்த்தே திட்டினேன்.

மறுநாள் அவளைக் கொட்டகைக்குள் கூப்பிட்டு எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். உங்களைக் கட்டிக்கொள்ள ஆசைப்படுகிறேன் என்பதையும் அதோடு சேர்த்தே சொன்னேன். அவள் சிலையைக் குனிந்து பார்த்தாள், வெகுநேரம்.

"இதுல நான் தெரியலீங்களே."

"கீழ இருந்து பாத்தாத்தான் தெரியும்."

கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவள் முகத்தில் குறும்பு வந்தது. "கீழ இருந்து என்னைய ஆருங்க பாத்திருக்கறாங்க? எங்கூருல எந்த ஆம்பளயும் மரத்தடியில நிக்க மாட்டான். பொம்பளைங்க ஆளுக்கொரு மரத்துல இருப்போம். அப்படிப் பாத்த ஒரே ஆளு நீங்கதானுங்க." உளியை என் கையிலிருந்து வாங்கிக் கூடையில் போட்டாள். "கைய வெக்காதீங்க. எங்கப்பா வெறும் பாறைக்கு வெளக்குக் காட்டறதப் பாத்துப் பாத்து எனக்கு மனசு விட்டுப் போச்சு. அம்மன் வரட்டும். மத்தத அப்புறம் பாத்துக்கலாம்."

எவ்வளவு துணிச்சல் பாருங்கள். பணயம் வைத்தது அவள் வாழ்க்கையை.

நோம்பி நாளன்று பெரிய ஆசாரியை மூங்கில் தூளியில் வைத்துச் சுமந்து வந்தார்கள். சிலையைப் பாறை மேல் ஏற்றிக் குண்டுநூல் பிடித்து நேராக நிறுத்தினோம். அவர் நின்றபடி பார்த்தார். புருவம் சுருங்கியது. வெற்றிலைப் பெட்டி இருந்த கை அசைந்தது. "ஐயா, கொஞ்சம் கீழ உக்காந்து பாருங்க" என்றேன். அவரை அப்படிச் சொன்னவன் அதுவரை கிடையாது. முறைத்தார். பிறகு இரண்டு பேர் தாங்கிப் பிடிக்க, மடங்காத காலை நீட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்து நிமிர்ந்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். தோளிலிருந்த துண்டை உருவி என்னிடம் நீட்டினார். "எனக்கு எட்டாது. நீ போய்த் துடைடா."

துடைத்தேன். என் கண்ணையும் அதிலேயே துடைத்துக்கொண்டேன்.

பூசாரி ஊரைப் பார்த்து நின்றார். "இது ஆரு?" ஊர் முழுக்க உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. பிறகு ஒரு கிழவி ஓவென்று அழுதாள். "நம்ம அம்மன், சிரிக்கறா பாருங்க" என்று கூட்டம் எழுந்த எழுச்சியில் எனக்கு மயிர்க் கூச்செறிந்தது. இரண்டாவது தடவை கேட்டார். அதே பதில், இன்னும் சத்தமாக. ஒருவர் வாயிலும் நல்லாயி பெயர் வரவில்லை. பெண்கள் வரிசையில் அவள் தலை குனிந்து தட்டோடு நின்றிருந்தாள். ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தேன்.

மூன்றாவது தடவைக்குப் பூசாரி தரையில் உட்கார்ந்து நிமிர்ந்தார். "இது" என்று ஆரம்பித்தவர் நிறுத்திவிட்டார். அவருடைய இரண்டு கைகளும் மேலே எழுந்தன. கும்பிடவில்லை. அகலமாக, இடைவெளி விட்டு, எதையோ தாங்குவதுபோல் அப்படியே நின்றன. ஊர் காத்திருந்தது. அவர் திரும்பிப் பெண்கள் வரிசையைப் பார்த்தார். நல்லாயி தட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். அவருக்குத் தெரிந்துவிட்டது, எப்படி என்றுதான் எனக்கு விளங்கவில்லை. போச்சு, எல்லாம் போச்சு என்று பாறையைப் பிடித்துக்கொண்டேன்.

அவர் சிலையின் பக்கம் திரும்பினார். கேள்வி கேட்க வேண்டியவர் அவர், பதில் சொல்ல வேண்டியது ஊர். ஆனால் அன்றைக்கு அவரே உரக்கச் சொன்னார். "நம்ம அம்மன்." ஊர் அதை வாங்கி மலை அதிரச் சொன்னது. பெரிய ஆசாரி பொன் உளியை என் கையில் வைத்து, "நீயே கண்ணத் தெற" என்றார். திறந்தேன்.

மறுநாள் காலை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது பூசாரி கொட்டகைக்கு வந்தார். பெரிய ஆசாரி அங்கேதான் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார்.

"மரத்தடியில நின்னீங்களா?" என்று கேட்டார்.

"நின்னேனுங்க. வழக்கம் தெரியாம."

"தெரிஞ்சவன் எவனும் நிக்க மாட்டான்." கொட்டகைத் தரையில் உட்கார்ந்தார். "அவ ஆயி அவளப் பெத்துப் போட்டுட்டுச் செத்துப் போயிட்டா. நாந்தான் வளத்தேன். அழுதா தூக்கிப் போட்டுப் புடிப்பேன். கோவமா இருந்தாலும் மேல போனா சிரிச்சாப்பல இருப்பா. அந்த மூஞ்சி எனக்கு மட்டுந்தான் தெரியும்னு நெனச்சிட்டு இருந்தனுங்க."

அப்போதுதான் நேற்று அந்தக் கைகள் எதைத் தாங்கின என்று எனக்குத் தெரிந்தது.

"பேரச் சொல்லியிருந்தா அவ எங்கூடவே இருந்திருப்பா. சாகற மட்டும் இருந்திருப்பா," என்றார். "வாய் வரைக்கும் வந்துதுங்க." துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "மூஞ்சியத்தான் மலையில வெச்சுட்டீங்களே. தெனமும் வெளக்குக் காட்டிப் பாத்துக்குவேன். ஆள நீங்க கூட்டிட்டுப் போங்க. அவளக் கேட்டுட்டேன்."

பெரிய ஆசாரி தன் வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, அதிலிருந்தே தாம்பூலம் எடுத்துப் பூசாரிக்கு நீட்டினார். எனக்குப் பெண் கேட்டு, அவரே மாப்பிள்ளை வீட்டார் ஆனார். என் சொந்தக்காரர்களும் அவர்கள் ஊராரும் அதற்கு ஆடிய கூத்து தனிக்கதை. சில பேர் சாகும்வரை எங்கள் வீட்டில் தண்ணீர் குடிக்கவில்லை. எங்களுக்கு அதற்கெல்லாம் நேரமும் இருக்கவில்லை.

பிள்ளைகளிடம் இவ்வளவும் சொல்லிவிட்டு, "அந்தப் படத்தப் பாத்துக் களிமண்ணுல முகஞ் செஞ்சு, அதப் பரண் மேல வெச்சுட்டுக் கீழ உக்காருங்கடா, அப்புறமா உளிய எடுங்க" என்றேன். ஒருவன் மட்டும் போகாமல் நின்றான். பூசாரி பிறகு என்ன ஆனார் என்று கேட்டான்.

அதற்கு நல்லாயியே உள்ளேயிருந்து வந்து பதில் சொன்னாள். "எங்கப்பா இருந்த மட்டும் வருசா வருசம் நோம்பிக்கு நாங்க மலையேறுவோம் சாமி. அவரு ஓடியாந்து என்னையப் பாக்க மாட்டாரு. மொதல்ல கோயிலுக்குப் போயி அம்மன் முன்னால உக்காருவாரு. கொஞ்ச நேரம் நிமுந்து பாத்துட்டு, அப்புறமா எங்கிட்ட வந்து, எப்பக் கண்ணு வந்தேன்னு கேப்பாரு."

சொல்லிவிட்டு என்னைப் பார்த்தாள். நான் தரையில் உட்கார்ந்திருந்தேன், அவள் நின்றுகொண்டிருந்தாள். கோபமாகத்தான் இருந்தாளாம். எனக்கு அப்படித் தெரியவில்லை.